இல்லங்களில் இருப்பவர்களின் பற்கள்: போடிமெட்டுக் குறிப்புகள்

போடிநாயக்கனூரிலிருந்து கேரள எல்லையில் உள்ள போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து இந்த வளைவுகளைத் தினமும் கடக்கிறார்கள். அவர்களுக்கு அது பழகிய பாதை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் சாய்ந்துபோன எண்பது வயதுக்காரரை அதே பாதையில் இறக்கிக் கூட்டிப்போவது வேறு கணக்கு. வண்டி வாடகை, கூட வர ஒரு ஆள், வழியில் வாந்தி, போய்ச் சேர்ந்த இடத்தில் பல் டாக்டர் மாடியில் இருப்பார், லிஃப்ட் இருக்காது. நெஞ்சுவலி என்றால் அந்த நிமிடமே வண்டி கிளம்பிவிடும். பல்வலி என்றால் ‘அடுத்த வாரம் பாக்கலாம்’ என்பார்கள். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொள்ளும்.

கேரளப் பக்கம் போனால் வளைவு குறைவு, தூரம் அதிகம். மூணாறு–போடிமெட்டு சாலை 42 கிலோமீட்டர். அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறந்தார்கள். நல்ல சாலைதான். ஆனால் வழியில் உள்ள கேப் ரோட்டில் மண் சரிந்தால் அந்த வழியும் அடைபடும். அரசு பல் மருத்துவக் கல்லூரி வேண்டுமென்றால் இந்தப் பக்கம் கோட்டயம் போகவேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை. மயக்க மருந்து கொடுத்துத்தான் பல்லைத் தொடமுடியும் என்கிற நிலையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு இப்படிப்பட்ட பெரிய இடம்தான் கதி.

*

இந்த மலையில் முதியோர், மாற்றுத்திறனாளி இல்லங்களுக்கு வந்து சேர்கிறவர்கள் யார்? பெரும்பாலும் உழைத்து ஓய்ந்தவர்கள். பூப்பாறை, சாந்தன்பாறை, சின்னக்கானல், உடும்பன்சோலை என்று காடு காடாகக் களை எடுத்தவர்கள், காய் பறித்தவர்கள். தோட்ட வேலை முடிந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் முடிந்தது. பிள்ளைகள் திருப்பூருக்கோ எர்ணாகுளத்துக்கோ போயிருப்பார்கள். ஊரில் இருந்த வீடு அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிந்திருக்கும். அவர்களோடு, தாய் தகப்பன் இறந்தபின் பார்க்க ஆளில்லாமல் போன மூளை வளர்ச்சி குன்றியவர்கள், வலிப்பு நோய்க்காரர்கள், தெருவில் கண்டெடுத்துக் கொண்டுவந்து சேர்க்கப்பட்ட மனநோயாளிகள். சபைகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் இல்லங்களில் இவர்கள் எல்லாருக்கும் ஒரே கூரை, ஒரே அடுப்பு.

2011 கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு நாட்டிலேயே கேரளத்தில்தான் அதிகம்: 12.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் 10.4. இரண்டு மாநிலங்களும் மூப்படைந்துகொண்டிருக்கின்றன. இரண்டும் சந்திக்கிற இடம் இந்த மேடு.

*

ஒரு இல்லத்துக்குப் போனால் எனக்கு அவர்களின் பதிவேட்டைப் பார்க்கப் பிடிக்கும். எந்த இல்லம் எப்படி நடக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். பிரஷர், சுகர், எடை, காலை மாத்திரை, இரவு மாத்திரை, குளிப்பாட்டிய நாள், முடி வெட்டிய நாள், நகம் வெட்டிய நாள் வரைக்கும் எழுதி வைத்திருக்கும் நல்ல இல்லங்கள் உண்டு. வாய்க்கென்று ஒரு பத்தி நான் பார்த்த பதிவேடுகளில் இல்லை. யாருக்கு எத்தனை பல் இருக்கிறது, யாருக்குப் பல்செட்டு இருக்கிறது, யாருக்கு வாயில் புண் இருக்கிறது என்று கேட்டால் அங்கே வேலை செய்யும் அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அவர் லீவில் போனால் அந்தத் தகவலும் அவரோடு போய்விடும்.

சட்டத்திலும் அப்படித்தான். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது வேண்டும், அதில் ஆதரவற்ற 150 பேருக்காவது இடம் வேண்டும் என்கிறது. மருத்துவமனையில் தனிவரிசை, முடிந்த அளவு படுக்கை என்றும் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, வீட்டுக்கு அருகிலேயே இலவச மருத்துவம், சிகிச்சையில் முன்னுரிமை என்று உறுதி கொடுக்கிறது. இரண்டும் நல்ல சட்டங்கள். உடம்பு என்று சொன்னால் அதில் வாயும் அடங்கும் என்று வாதாடலாம். யாரும் வாதாடவில்லை.

*

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் என்ன இருக்கும் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

பல்லின் கழுத்தில் குழி. உமிக்கரி, சாம்பல், செங்கல்பொடி, உப்பு என்று நாற்பது ஐம்பது வருடம் விரலால் அழுத்தித் தேய்த்ததில் ஈறுக்கு மேலே பல் அரைபட்டு உள்ளே இறங்கியிருக்கும். மேலே உள்ள பகுதி ஒருநாள் உடைந்து விழ, வேர் மட்டும் ஈறுக்குள் தங்கிவிடும். உடைந்த கண்ணாடி வளையல் மாதிரி அதன் விளிம்பு கூர்மை. நாக்கு அதில் உரசி உரசிப் புண்ணாகும். ‘பல்லே இல்லையே, எனக்கெதுக்குப் பல் டாக்டரு?’ என்று கேட்கிற பாட்டிக்கு அப்படி ஐந்தாறு வேர்கள் இருக்கும்.

பக்கவாதம் வந்தவர் என்றால் செயலிழந்த பக்கக் கன்னத்துக்குள் காலையில் சாப்பிட்ட இட்லி மாலைவரை அப்படியே இருக்கும். அவருக்கு அது இருப்பதே தெரியாது. நாக்கின்மேல் வெள்ளைப்படலம். கடைவாய் ஓரங்களில் வெடிப்பு. பல்செட்டைப் பல மாதங்களாகக் கழற்றாமல் வைத்திருப்பவருக்கு மேலண்ணம் முழுக்கச் சிவந்திருக்கும். மன அழுத்தத்துக்கும் பிரஷருக்கும் தூக்கத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகள் பலவற்றால் எச்சில் சுரப்பது குறையும். எச்சில்தான் பல்லுக்குக் காவல். அது வற்றினால் இருக்கிற நாலைந்து பல்லும் வேரோரத்தில் சொத்தையாகும். வாய் காய்கிறதே என்று இனிப்புப் போட்ட சாயா கொடுப்பார்கள், சப்ப மிட்டாய் கொடுப்பார்கள். அன்பால் கொடுப்பதுதான். பல்லுக்கு அது கெடுதல்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். நாலு பேருக்கு மெல்ல முடியவில்லை என்றால் நாற்பது பேருக்கும் குழைந்த சோறு, கஞ்சி, தேங்காய் அரைத்த சாறு என்று சமையல் மாறிவிடும். கீரைத்தண்டு, கடலை, இறைச்சி, கடிக்கிற பழம் எல்லாம் மெல்ல மெல்லத் தட்டிலிருந்து மறையும். டாக்டர் வந்து எடை பார்த்துவிட்டு ‘சத்துக் குறைவு’ என்று எழுதி டானிக் கொடுப்பார். அந்த டானிக்கிலும் சர்க்கரை.

*

பல் என்பது வலி, அழகு, கடிப்பது இவற்றோடு முடிகிற விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஜப்பானில் செய்த ஒரு ஆய்வைச் சொல்வேன். யோனெயாமா என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 11 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 417 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் அங்கே இருக்கும் பணியாளர்களே ஐந்து நிமிடம் வாயைச் சுத்தம் செய்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு வாரம் ஒருமுறை பல் மருத்துவர் அல்லது பல் சுகாதாரப் பணியாளர் வந்தார். மறுபாதிப் பேருக்கு வழக்கம்போல. இரண்டு ஆண்டுகள் பார்த்தார்கள். வழக்கம்போல விட்டவர்களில் 19 விழுக்காட்டினருக்கு நிமோனியா வந்தது. வாயைச் சுத்தம் செய்தவர்களில் 11. நிமோனியாவால் இறந்தவர்கள் 16 விழுக்காடும் 7 விழுக்காடும். 2002இல் வெளியான முடிவு இது.

காரணம் எளிது. படுத்தே இருப்பவர்கள், விழுங்கச் சிரமப்படுபவர்கள் தூக்கத்தில் தங்கள் எச்சிலையே கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். அழுக்கடைந்த வாயின் எச்சிலில் கிருமி கோடிக்கணக்கில். இந்த மலையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலும் குளிரும். இல்லங்களில் வயதானவர்கள் சளி பிடித்துப் படுப்பதும் சிலர் எழாமலே போவதும் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ‘குளிரு தாங்கல’ என்கிறோம். எல்லாச் சாவும் குளிரால் வந்ததில்லை என்றுதான் நான் நம்புகிறேன்.

*

வலியைச் சொல்லத் தெரிந்தவர்கள் பரவாயில்லை. ‘விண்ணு விண்ணுன்னு தெறிக்குது தாயி’ என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் யாராவது கவனிப்பார்கள். பேச்சு வராத, அறிவு வளர்ச்சி குன்றிய ஒருவர் என்ன செய்வார்?

தலையைச் சுவரில் முட்டுவார். கன்னத்தில் தானே அறைந்துகொள்வார். கையைக் கடிப்பார். தட்டைத் தள்ளிவிடுவார். ஒரு பக்கமாகவே படுப்பார். இரவில் கத்துவார். ‘இப்பல்லாம் ரொம்ப முரண்டு பண்றான்’ என்று பொறுப்பாளர் டாக்டரிடம் சொல்வார். அமைதிப்படுத்தும் மாத்திரையின் அளவு கூடும். அந்த மாத்திரை வாயை மேலும் உலர்த்தும். பல்லின் சீழ் அப்படியே இருக்கும். ஒருவரின் நடத்தை திடீரென்று மாறினால் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பல பேருக்கு நிம்மதி கிடைக்கும்.

வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் மாத்திரை மலிவானது, நெடுங்காலமாக இருப்பது, இல்லங்களில் நிறையப் பேர் சாப்பிடுவது. அதைச் சாப்பிடுபவர்களில் பலருக்கு ஈறு தடித்து வளரும். சிலருக்குப் பாதிப் பல்லை மூடிவிடும். வாய் சுத்தமாக இருந்தால் வளர்ச்சி மட்டுப்படும். மாத்திரையை மாற்றமுடியுமா என்று நரம்பு மருத்துவரைக் கேட்கலாம். கேட்பதற்கு முதலில் ஈறைப் பார்த்திருக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குச் சொத்தையைவிட ஈறுநோய்தான் சின்ன வயதிலேயே வந்து பல்லை ஆட்டிவிடும். முப்பது வயதில் முன்பல் எல்லாம் ஆடுகிற பிள்ளையைப் பார்த்து ‘இவனுக்கு அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம்.

*

வெத்தலை, பாக்கு, போயிலை. ஏலக்காட்டில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்தவர்களுக்குப் பசியையும் குளிரையும் தள்ளிப்போட்டது கன்னத்தில் ஒதுக்கிய போயிலைதான். அதை வைத்து அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை கிடையாது. ஆனால் அந்த வாய்களைப் பார்க்காமல் விட்டது நம் தவறு. போயிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியிலேயே சொல்லிவிட்டது.

இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொன்ன ஆய்வு கேரளத்தில் நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊர்த் தொகுதிகளில் 1996இல் தொடங்கியது. டாக்டர்கள் போகவில்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைத் திறந்து கண்ணால் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 1,90,000 பேர் இந்த ஆய்வில் இருந்தார்கள். போயிலை அல்லது மது பழக்கம் உள்ளவர்களிடையே, இப்படிப் பார்க்கப்பட்ட ஊர்களில், பார்க்கப்படாத ஊர்களைவிட, வாய்ப்புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சங்கரநாராயணனும் உடன் பணியாற்றியவர்களும் 2005இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள்.

ஆக, கண்ணும் வெளிச்சமும் பயிற்சியும் போதும். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், மூன்று விரல் நுழையும் அளவுக்குத் திறக்காத வாய். இவற்றில் எதைப் பார்த்தாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். இந்த நாலு வரியை இல்லத்துச் சுவரில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டலாம்.

*

கேரள சமூக நீதித் துறையின் ‘மந்தஹாசம்’ நல்ல திட்டம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 60 வயது கடந்தவர்களுக்கு இலவசப் பல்செட்டு. பொக்கை வாயோடு பத்து வருடம் இருந்தவர் மறுபடியும் சப்பாத்தியைக் கடித்தால் அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். எல்லைப்பகுதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. கேரளத்தில் நாற்பது வருடம் உழைத்தவரின் ரேஷன் அட்டை போடி, தேவாரம், கோம்பை முகவரியில் இருக்கும். அந்த அட்டைக்கு இந்தத் திட்டம் கிடையாது. அட்டை இருக்கும் ஊரிலோ அவரைத் தெரிந்தவர் யாருமில்லை. தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை, வலிநிவாரணம், இயன்முறை சிகிச்சை எல்லாம் தந்தது. பல் அந்தப் பட்டியலில் இல்லை. கேரளத்தின் ‘வயோமித்ரம்’ நடமாடும் மருத்துவம் நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் என்று வகுத்தது. மலைப் பஞ்சாயத்துக்காரர் நகரவாசி ஆகமுடியாது. இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசினால் ஒரு நாளில் தீர்க்கக்கூடிய விஷயம் இது: எந்த அட்டை இருந்தாலும், எந்த இல்லத்தில் இருக்கிறாரோ அந்த மாநிலத்துத் திட்டம் அவருக்கு உண்டு என்று ஒரு ஆணை.

பல்செட்டு எல்லாருக்கும் சரிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல் போய் இருபது வருடம் ஆனவருக்குக் கீழ்த்தாடை எலும்பு தேய்ந்திருக்கும், கீழ்செட்டு நிற்காது. மறதிநோய் முற்றியவர் அதைக் கழற்றி எறிவார், சில சமயம் விழுங்கவும் பார்ப்பார். அவர்களுக்குச் செட்டு கட்டிப் பணத்தை வீணாக்குவதைவிட வேர்களை எடுத்து, வாயைச் சுத்தமாக வைத்து, நன்றாக அரைத்த சத்தான உணவு கொடுப்பது மேல்.

செட்டு இருப்பவர்களுக்கு: கட்டும்போதே உட்புறத்தில் பெயரைப் பதித்துத் தரச் சொல்லுங்கள். ஒரே வாளியில் எல்லாருடைய செட்டையும் போட்டுக் கழுவி, பிறகு யாருடையது எது என்று ஒவ்வொரு வாயிலும் மாட்டிப் பார்க்கும் கொடுமை நடக்கிறது. இரவில் கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும்.

*

அடுத்தவர் வாயைச் சுத்தம் செய்வது தனி வேலை. நம் பல்லைத் தேய்த்துக்கொள்ளத் தெரிந்த எல்லாருக்கும் அது வந்துவிடாது. நல்ல நர்ஸுகளும் பல் டாக்டர்களும் சொல்லக் கேட்டும், செய்யப் பார்த்தும் எழுதி வைத்தது:

முதலில் சொல்லவேண்டும். ‘அம்மாச்சி, இப்ப பல்லு தேய்க்கப் போறேன், வாயைத் தொறங்க’ என்று சொல்லாமல் பிரஷைத் திணித்தால் யாரும் கடிக்கத்தான் செய்வார்கள். முகத்துக்கு நேரே நின்று செய்வதைவிடப் பக்கவாட்டிலோ பின்னாலோ நின்று, தலையை நம் உடம்பில் சாய்த்துக்கொண்டு செய்வது இருவருக்கும் எளிது. சக்கர நாற்காலிக்காரருக்கும் இதே முறை. தலையை மல்லாத்தக் கூடாது. தாடை கொஞ்சம் கீழே இருக்கவேண்டும், இல்லையென்றால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குப் போகும். படுக்கையில் இருப்பவரை முடிந்த அளவு நிமிர்த்தவேண்டும், முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைக்கவேண்டும். குழந்தைகள் பிரஷ்தான் நல்லது: சின்னத் தலை, மென்மையான நார். பேஸ்ட் பட்டாணி அளவு போதும், ஃப்ளூரைடு உள்ளதாக இருக்கட்டும். கொப்பளிக்கத் தெரியாதவருக்குத் தண்ணீர் ஊற்றாமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்கலாம். வெறும் விரலை வாய்க்குள் விடவே கூடாது. இன்னொரு பிரஷின் கைப்பிடியைத் துணி சுற்றி ஓரத்தில் வைத்தால் வாய் மூடாமல் நிற்கும். பக்கவாதக்காரர் என்றால் செயலிழந்த பக்கக் கன்னத்தைத் தவறாமல் பார்க்கவேண்டும். நாக்கையும் தேய்க்கவேண்டும். பல்லே இல்லாத ஈறையும் துடைக்கவேண்டும். உதடு காய்ந்தால் வாஸலின்.

தானே தேய்த்துக்கொள்ள முடிந்தவரைத் தேய்க்க விடவேண்டும். கை நடுங்குகிறதா? பழைய சைக்கிளின் கைப்பிடி ரப்பரைப் பிரஷில் செருகிக் கொடுத்தால் பிடி கிடைக்கும். நாம் கடைசியில் ஒரு முறை சரிபார்த்தால் போதும்.

நாள் ஒன்றுக்கு இரண்டு வேளை முடியவில்லை என்றால் இரவு வேளையை விடக் கூடாது. சாப்பிட்டு, மாத்திரை போட்டு, வாயைச் சுத்தம் செய்தபிறகுதான் விளக்கு அணையவேண்டும்.

*

இதையெல்லாம் செய்யவேண்டியவர் யார் என்று யோசித்தால் மனசு கனக்கிறது. இல்லங்களில் வேலை செய்யும் பெண்கள் பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்து ஏழைப் பெண்கள். காலையில் துணி மாற்றுவதிலிருந்து இரவு கால் பிடித்துவிடுவதுவரை அவர்கள் கைதான். ஒரு ஆளுக்குப் பத்து, பதினைந்து பேர். மலம் அள்ளக் கூச்சப்படாதவர்கள், வாய்க்குள் கைவிடத் தயங்குகிறார்கள். கடித்துவிடுவார்களோ, ரத்தம் வந்துவிடுமோ என்ற பயம். ஈறில் ரத்தம் வந்தால் தேய்ப்பதை நிறுத்தவேண்டும் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு: ரத்தம் கசிகிற ஈறைத்தான் மென்மையாக, தினமும், விடாமல் தேய்க்கவேண்டும். இதை அவர்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர்களுடைய பல்லையும் யாரும் பார்த்ததில்லை. இந்த வேலையைக் கூட்டினால் ஆளையும் கூட்டவேண்டும், சம்பளத்தையும் கூட்டவேண்டும். அதைச் சொல்லாமல் சுத்தத்தைப் பற்றி மட்டும் பேசுவது அநியாயம்.

இங்கிலாந்தில் வசதிக்குப் பஞ்சமில்லை. முதியோர் இல்லங்களில் வாய்நலம் பற்றி 2016இல் அரசு வழிகாட்டு நெறிமுறையே வந்தது: சேர்க்கும்போதே வாயைப் பரிசோதி, பராமரிப்புத் திட்டத்தில் எழுது, தினமும் இரண்டு வேளை தேய். மூன்று வருடம் கழித்து ஆய்வாளர்கள் 100 இல்லங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். 52 விழுக்காட்டு இல்லங்களில் வாய்நலத்துக்கென்று கொள்கையே இல்லை. 47 விழுக்காட்டில் பணியாளர்களுக்குப் பயிற்சியே இல்லை. எழுதிவைத்தால் போதாது, போய்ப் பார்க்கவும் வேண்டும்.

*

பல் முகாம்கள். பேனர் கட்டி, வரிசையில் உட்காரவைத்து, வாயைப் பார்த்து, ஆளுக்கொரு பேஸ்ட்டும் பிரஷும் கொடுத்து, சாயங்காலம் மலையிறங்கிப் போய்விடுகிறார்கள். வருகிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ‘இவருக்கு நாலு வேர் எடுக்கவேண்டும்’ என்று சீட்டில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனால் அந்தச் சீட்டு 17 வளைவு தாண்டி எப்படிப் போகும்?

மேலே வந்தே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. மின்சாரமோ டிரில்லோ இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து கிளாஸ் அயனோமர் வைத்து அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில் உருவானது. மின்சாரம் இல்லாத ஊர்களுக்காகவே உருவானது. சில்வர் டயமைன் ஃப்ளூரைடு என்று ஒரு திரவம்: சொத்தையின்மேல் ஒரு சொட்டுத் தடவினால் பெரும்பாலும் அது அங்கேயே நின்றுவிடும். ஊசி வேண்டாம், வலி இல்லை. சொத்தை கறுத்துப்போகும் என்பதுதான் குறை. அதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கவேண்டும். கிளாஸ் அயனோமரையும் இந்தத் திரவத்தையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மாற்றுத்திறனாளிகளுக்கும், நாற்காலியில் அரைமணி நேரம் உட்காரமுடியாத முதியவர்களுக்கும் இவை வரம்.

பல் எடுக்கவேண்டியவர்களில் சிலர் ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களாக இருப்பார்கள். ‘அதை நிறுத்திட்டு வாங்க’ என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக இல்லத்துக்காரர்களே நிறுத்திவிடக் கூடாது. இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடவேண்டாம்.

என் யோசனை பெரிதாக ஒன்றுமில்லை. கேரளத்தில் 2008இலேயே வலிநிவாரணப் பராமரிப்புக்கு மாநிலக் கொள்கை வந்துவிட்டது. பஞ்சாயத்துதோறும் பாலியேட்டிவ் நர்ஸ் படுக்கையில் இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார், டியூப் மாற்றுகிறார். அவர் பையில் ஒரு டார்ச்சும் ஒரு வாய்க்கண்ணாடியும் சேரட்டும். இரண்டு நாள் பயிற்சி கொடுக்கட்டும். அவர் பார்த்துக் குறித்துவைத்த பெயர்களுக்காக மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவர் ஏறி வந்தால் போதும். வந்தவர் மறுபடியும் அதே இல்லத்துக்கு வரவேண்டும். ஒரே முறை வந்து 200 பேரைப் பார்ப்பதைவிட, நாலு முறை வந்து 30 பேருக்கு முடித்துக் கொடுப்பதுதான் வைத்தியம்.

*

கடைசியாக, இல்லங்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறவர்களுக்கு.

பிள்ளையின் பிறந்தநாள், அப்பாவின் நினைவுநாள், கல்யாண நாள் என்று போடியிலிருந்தும் தேனியிலிருந்தும் பூப்பாறையிலிருந்தும் போன் போட்டு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிறீர்கள். அந்தப் பணத்தில்தான் பல இல்லங்களின் அடுப்பு எரிகிறது. அதை நிறுத்தவேண்டாம். ஆனால் அடுத்த முறை போன் போடும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். நாங்கள் தருகிற பிரியாணியை மெல்ல முடியாதவர்கள் எத்தனை பேர்? ராத்திரி படுக்கும் முன்னால் அவர்கள் வாயைச் சுத்தம் செய்ய ஆள் இருக்கிறதா? பதிலைக் கேட்டபிறகு, லட்டுக்கு ஒதுக்கிய காசில் ஆளுக்கு ஒரு மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு பேஸ்ட், பல்செட்டுக்கு மூடிபோட்ட டப்பா, இல்லத்துக்கு ஒரு நல்ல டார்ச் வாங்கிக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்துப் பிரஷ் தேய்ந்திருக்கும். அப்போதும் ஒரு போன் போடுங்கள்.